பதினாறேகால் அங்குலம்

கிராண்ட்பாஸ் தொழிற்சாலையில்
நான் விலை போடுகிறவள்.
ஒருவரும் என்னிடம் கதிரையைக்
கதிரையாகக் கொண்டுவருவதில்லை.
திருகாணி பன்னிரண்டு
பசை இரண்டு அவுன்ஸ்
வார்ணிஷ் ஒரு பூச்சு
விமலதாசவின் நாற்பது நிமிடம்
இப்படித்தான் என் மேசைக்கு வரும்.

அரியநாயகம் கொண்டுவந்தது
டென்மார்க் சஞ்சிகையில் வெட்டிய படம்.
மெலிந்த கால், வளைந்த முதுகு,
அதில் ஒரு பொன்முடிக்காரி.
பக்கத்தில் பூச்சாடி.
சன்னலுக்கு வெளியே பனி.
இருபது ரூபாய்க்குள் அடங்குமா என்று கேட்டார்.
பனியைக் கழித்தால் அடங்கும் என்றேன்.

முதலில் போனது கைகள்.
பிறகு முதுகுச் சட்டம் ஐந்தில் இரண்டு.
இறக்குமதி அனுமதி வராத மாதம்
பன்னிரண்டு திருகாணி எட்டாயிற்று.
தேக்கு பலாவாயிற்று, இருக்கை
ஒட்டுப்பலகையாயிற்று.
முதுகின் வளைவை மட்டும் விடமாட்டேன் என்றார்.
"கொஞ்சம் இரக்கம் காட்டுங்கோ, ஞானேஸ்வரி."
காட்டினேன்.
இரக்கம்: நாற்பத்து மூன்று சதம்
என்று பென்சிலால் ஓரத்தில் எழுதிவைத்தேன்.

மாதிரிக் கதிரை வந்த வெள்ளிக்கிழமை
பொதி கட்டும் பெண்களை
ஒவ்வொருவராக அதில் இருத்திப் பார்த்தேன்.
கால்கள் தொங்கின.
சித்தி பாத்திமா குதிக்காலை ஆட்டியபடி
"கதிரைன்டு சொல்லிட்டு
குதிரையிலயா ஏத்துறீங்க?" என்றாள்.
சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம்.
அதற்கு நான் விலை போடவில்லை.

அளவுநாடாவை நானே எடுத்தேன்.
ஆண்கள் அளக்கக்கூடிய இடமல்ல அது.
குதிக்காலிலிருந்து முழங்கால் மடிப்புவரை,
செருப்போடும் செருப்பில்லாமலும்
முப்பத்து நான்கு பெண்கள்.
பதினெட்டு அங்குலம் என்றது படம்.
பதினாறேகால் என்றன கால்கள்.

ஒரு கதிரைக்கு ஏழு அங்குல மரம் மிச்சம்.
மூவாயிரம் கதிரைக்கு
ஆயிரத்து எழுநூற்றைம்பது அடி.
அரியநாயகம் தலையைச் சரித்துப் பார்த்தார்.
"குந்தியிருக்கிற மாதிரி இருக்கு" என்றார்.
குந்தத்தானே ஐயா, என்றேன்.

பத்தொன்பது ரூபாய் அறுபது சதம்.
அரசாங்கக் கந்தோர்கள் வாங்கின.
ஆறு கதிரையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கலாம்,
இடம் மிச்சம் என்று
விளம்பரத்தில் போட்டோம்.

அடுத்த தையில்
பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஒன்றுக்காக
பதிவாளர் கந்தோருக்குப் போனேன்.
எட்டு மணிக்கே வரிசை.
முன்னால் நின்ற பெண்ணுக்கு ஏழாம் மாதம் இருக்கும்,
ஒரு கையைச் சுவரில் ஊன்றியிருந்தாள்.
மற்றச் சுவரோரம் எங்கள் கதிரைகள்.
ஆறாறாக, ஏழு அடுக்கு.
விளம்பரத்தில் போட்ட அதே மாதிரி.
மேலே இருந்தவற்றில் தூசி.

எண்ணுவது என் தொழில்.
நின்றவர்கள் என்னோடு முப்பத்தொரு பேர்.
கதிரை நாற்பத்திரண்டு.
வெகுநேரம் இந்தக் கணக்கையே
பார்த்துக்கொண்டு நின்றேன்.
பதினொன்று மிச்சம் வருகிறது.

"தொடாதேங்கோ, ஐயாட கூட்டத்துக்கு வைச்சிருக்கு"
என்றான் பியோன்.
எட்டு இறாத்தல்தான், எனக்குத் தெரியும்.
ஒரு கையால் இறக்கினேன்.
சிமெந்தில் கால் உரசிய சத்தத்துக்கு
வரிசை முழுதும் திரும்பியது.
அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தேன்.
இருந்தாள். பாதம் இரண்டும் தரையில்.
பியோன் உள்ளே போனான், சொல்லிக்கொடுக்க.

எனக்கொன்று இறக்கி இருந்தேன்.
முதுகு வளைவில் சாய்ந்தபோதுதான்
நாற்பத்து மூன்று சதம் ஞாபகம் வந்தது.

பின்னால் யாரோ
அடுக்கிலிருந்து பிரிக்கத் தெரியாமல்
காலோடு கால் இடிக்கிறார்கள்.
மூன்று.
பிறகு கொஞ்சம் இடைவெளி.
நான்கு.