மூன்று நாள் பயிர்

அறிவிப்பு போன மாதமே வந்துவிட்டது.
'அன்புள்ள கரைவாசிகளே' என்று தொடங்கி
பதினாலாம் தேதி நள்ளிரவோடு
ஏழாம் கரை இயங்காது என்று முடிந்தது.
கீழே பொடி எழுத்தில்:
உங்கள் நிலம், வீடு, ஆடு, வாள்
எதுவும் உங்களுடையதல்ல.
பயன்படுத்தும் அனுமதி மட்டுமே தந்திருந்தோம்.

இதைப் புரியவைக்க எங்களுக்கு வக்கீல் வேண்டாம்.
கோயில் நிலம் நாலு மா குத்தகைக்குப் பார்க்கிறோம்.
பட்டா சாமி பேரில்,
ரசீது சாமி பேரில்,
வரப்பில் நண்டு வளை மட்டும் எங்கள் கணக்கு.

தலைஞாயிறு துணை மின்நிலையத்தில் எனக்கு இரவுப் பணி.
மணிக்கொரு தரம் மீட்டர் பார்த்து
வோல்ட், ஆம்பியர் எழுத வேண்டும்.
நடுவில் கிடைக்கும் ஐம்பது நிமிடங்களில்
ஆறு வருஷமாக நான் வேறு ஊர்க்காரி.
அங்கே என் பேர் கொக்கு77.
தையல்நாயகி என்று போட்டால்
திரையில் பாதிதான் தெரிந்தது.

சிங்கப்பூர் சர்வர்வரை போய்த் திரும்ப
என் விரலுக்கு அறுபத்திரண்டு மில்லிசெகண்ட்.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எங்கள் மதகுக்கு வர இருபது நாள்,
வந்தால்.
கடைமடையில் பிறந்தவளுக்கு
லேக் ஒரு கோபப்படும் விஷயமே இல்லை.
அதனால்தான் நான் நல்ல வில்லாளி.
எதிரி நிற்கும் இடத்தில் எய்வதில்லை.
அம்பு போய்ச் சேரும்போது
அவன் எங்கே இருப்பானோ
அங்கே.

பதினாலாம் தேதி, இரவு பத்தரை.
உள்ளே போனால் யாரும் சண்டை போடவில்லை.
என் நிலத்து வரப்பில் வரிசையாக நிற்கிறார்கள்.
தம்மாமிலிருந்து முத்துப்பேட்டை ஜபருல்லா,
நிறுத்திய லாரிக்குள் உட்கார்ந்தபடி.
என்னிடம் பதினெட்டுத் தடவை தோற்று
பத்தொன்பதாவதில் ஜெயித்து
உடனே மன்னிப்புக் கேட்ட கும்பகோணத்துப் பையன்.
மணிலா நர்ஸ் ஒருத்தி. பேர் தெரியாது.
மூன்று பேரையாவது காப்பாற்றாமல்
அவள் ஒருநாளும் செத்ததில்லை.

அடுத்து எங்கே போவது என்று பேச்சு.
புதுசா ஒண்ணு வருதாம், என்றான் ஜபருல்லா,
கண்ணாடி மாட்டினால் போதுமாம், விரலே வேண்டாமாம்.
எதிரியையும் கூட்டாளியையும்
மிஷினே செய்து தருமாம்,
நமக்குப் பிடித்த மாதிரியே பேசுமாம்,
தூங்கவே தூங்காதாம்.

'அப்ப நீங்கள்லாம்?' என்றான் பையன்.

மூன்று புள்ளிகள்
துள்ளித் துள்ளி
நின்றுவிட்டன.

நர்ஸ் குனிந்து பையைத் திறந்தாள்.
நீல நெல்.
முளைக்கவே மூன்று நாள் பிடிக்கும் ரகம்.
சர்வருக்கு மிச்சம் ஐம்பது நிமிடம்.
மூன்று நாள் ஆகுமே, என்று எழுதினேன்.
'தெரியும்' என்று
மொழிபெயர்த்துச் சொன்னது பெட்டி.
அவள் விதைத்துக்கொண்டே போனாள்.
பிறகு ஜபருல்லா.
பையன் கோணல்மாணலாக விதைத்தான்,
திட்ட வாயெடுத்து விட்டுவிட்டேன்.
நான் மதகைத் திறந்தேன்.
அங்கே தொட்டால் தண்ணீர் வரும்.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு
வேட்டைக்காரனிருப்பு ஃபீடர் ட்ரிப்.
அலாரத்துக்கு முன்னால் போன் வந்தது:
'அக்கா, காத்து நின்னுபோச்சு,
எறால் மேல வந்து வாயப் பொளக்குது!'
செல்லைக் கவிழ்த்துவிட்டு ஓடினேன்.
லைன்மேன் பக்கிரிசாமி
கம்பியில் கிடந்த தென்னை மட்டையைத் தள்ளி
'போடலாம்' என்று சொல்லும்வரை
என் கை பிரேக்கர் கைப்பிடியிலேயே இருந்தது.

திரும்பி வந்தேன்.
வெள்ளைத் திரை.
இணைப்பு இல்லை. மீண்டும் முயற்சி செய்க.

நோட்டில் எழுதினேன்:
23.51 ட்ரிப். 00.09 சரி.
குறிப்புக் கட்டத்தை
எப்போதும் காலியாக விடுவேன்.
அன்றைக்கு,
முளைப்பு பதினேழாம் தேதி.

காலையில் உதவிப் பொறியாளர்
கையெழுத்துப் போடப்போய்ப் பேனாவை நிறுத்தி
'இது எந்த ஃபீடர்மா?' என்றார்.