ஐம்பத்தெட்டாம் குழாய்

லிபெரெட்ஸில் பனி தொடங்கிவிட்டது.
மூன்றாம் மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள்,
ஊசி முனையில் ஒரு சொட்டு
விழலாமா வேண்டாமா என்று நிற்கிறது.
இருபதாயிரம் வோல்ட் அதன் கழுத்தைப் பிடித்து இழுக்க,
கூம்பாகி, கூம்பின் நுனி கிழிந்து,
சாட்டையாய்ச் சுழன்று ஓடுகிறது
கண்ணுக்குத் தெரியாத இழை.

முடியை நூறாகக் கீறினால் ஒன்று;
அவ்வளவுதான் தடிமன்.
உருளும் கம்பியில் படிந்து படிந்து
பென்சிலைவிட மெல்லிய வெள்ளைக் குழாயாகிறது.
யாரோ ஒருவரின் காலுக்குள்
இரத்தம் போகவேண்டிய வழி.

பிராகிலிருந்து வந்த அறுவை மருத்துவர்
அதில் ஒரு தையல் போட்டார். இழுத்தார்.
"நனைந்த பேப்பர்" என்றார்.
காபியைத் தொடாமலே ரயிலுக்குப் போனார்.

அதற்குப்பின் ரதானா
காய்ந்த குழாயைச் சோதிப்பதையே விட்டாள்.
உடம்புச் சூட்டில் உப்புநீர்,
துடிக்கும் பம்பு, சுவரில் சிவப்பு எண்கள்.
இதயத்துக்கு நாளொன்றுக்கு லட்சம் துடிப்பு.
நாற்பத்தொன்றாம் குழாய்
ஆறு லட்சத்துப் பதினோராயிரத்தில்
தையல் துளையோரம் வாய் பிளந்தது.
ஆறே நாள்.
ஒரு கொசுகூட அதைவிடக் கூடுதலாய் இருந்து பார்க்கும்.

செத்த குழாயை நறுக்கி
நுண்ணோக்கியில் வைப்பது என் வேலை.
பிணப் பரிசோதகன் என்பாள் ரதானா.
அறுந்த முனைகளைத் தேடினேன்,
விடியும்வரை.
ஒன்றுகூட இல்லை.
இழைகள் முழுசாக இருந்தன.
ஒன்றன்மேல் ஒன்று படுத்திருந்தனவே தவிர
ஒட்டியிருக்கவில்லை;
இழுத்ததும் வழுக்கி விலகிக்கொண்டன.
ஊரே கூடி நின்ற படம்,
ஒரு கைகூடக் கோக்காமல்.

"அடுப்பில் வை, வெண்டலீன்."
அறுபதில் உருகும் பாலிமர் அது.
ஐம்பத்தொன்பதில் வைத்தோம்:
துளையெல்லாம் அடைத்துப் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் உறை.
செல்கள் நுழைய வாசலே இல்லை.
ஐம்பதில் வைத்தோம்: பழைய கதை.
பிறகு அரை டிகிரி ஏற்றி, கால் மணி குறைத்து,
பதினாறு குழாய்கள் குப்பைக்குப் போயின.

அடுத்ததில்
இழை இழையாகவே இருக்க,
இரண்டு சந்திக்கும் இடம் மட்டும்
இளகி, ஆறி, முத்தளவு முடிச்சாகியிருந்தது.
நான் ரதானாவைக் கூப்பிட்டேன்.
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடியும் பார்த்தாள்.

இன்று அதற்கு இருபத்துமூன்றாம் நாள்.
யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.
கெட்டது அண்டாதிருக்க மரத்தைத் தட்டவேண்டும் இந்த ஊரில்;
ஆய்வகத்திலோ எல்லாமே ஸ்டீல்.
ஆகவே ரதானா எண்ணைப் பார்த்த ஒவ்வொரு முறையும்
தாழ்வாரக் கதவுவரை நடந்து தட்டிவிட்டு வருகிறாள்.

மருத்துவருக்கு எழுதிய கடிதம்
அனுப்பாமல் திரையில் கிடக்கிறது.
கோடி துடிப்பு ஆகட்டும் என்கிறாள்.
கோடி என்றால் நூறு நாள்.
அதற்குள் யெஷ்ட்யெட் மலையில் பனி கரைந்து
நீசா ஆறு கலங்கி ஓடும்.

நான் போய்
காபி டப்பாவை நிரப்பி வைக்கிறேன்.