முப்பத்தொன்று

பேனா மாதிரிதான் இருக்கிறது கருவி.
நுனியில் சிவப்பு வெளிச்சம்.
பல்லின் பள்ளத்தில் வைத்தால் குரல் எழுப்பும்,
ஓர் எண்ணும் காட்டும்.
அதற்கு இன்னும் பதினெட்டுத் தவணை பாக்கி.

வால்டெமார் பெர்டோமோ நாற்காலியில் சாய்ந்திருக்கிறார்.
தக்குவாரெம்போவின் இந்தச் சிறிய தெருவில்
தைல மரக்கட்டை ஏற்றிய அவர் லாரி
மருந்துக்கடை வாசலை அடைத்து நிற்கிறது.
விடியலிலிருந்து மாத்தே உறிஞ்சிய வாய்.
வெந்நீர்க் குடுவையை வெளியே விட மனமின்றி
கக்கத்தில் இடுக்கியே உள்ளே வந்தார்.

கீழ்த்தாடை, வலப்பக்கம், கடைவாய்ப் பல்.
கருவி முதலில் முனகியது,
பிறகு வீறிட்டது.
முப்பத்தொன்று.

"மோசமா, டாக்டர்?"
என் விரல் வாய்க்குள் இருக்கும்போதே கேட்கிறார்.
"துளைத்து அடைத்துவிடுங்கள்,
இருட்டுவதற்குள் கூழ் ஆலைக்குப் போகணும்."

முப்பதைத் தாண்டினால் யோசி
என்கிறது கையேடு.
போன வருடம் நான் முப்பதை மட்டும் படித்தேன்.

நெலிதா சரசோலா,
தபால் ஆபீசில் முத்திரை குத்துபவள்.
முப்பத்து நான்கு.
சொத்தையைத் தேடிப் போன முனை
கெட்டியான, வெள்ளை வெளேரென்ற பல்லுக்குள்
போய்க்கொண்டே இருந்தது.
நிறுத்தினேன்.
நான் தோண்டியதை நானே அடைத்தேன்.
அவள் நன்றி சொன்னாள்,
பணமும் கொடுத்தாள்.

"கொஞ்சம் பொறுங்கள்" என்கிறேன் பெர்டோமோவிடம்.
தூரிகையால் பள்ளத்தைச் சுழற்றித் தேய்க்கிறேன்.
பச்சையும் பழுப்புமாய் வருகிறது
முப்பது வருட மாத்தே.
கழுவி, காற்றடித்து,
மறுபடியும் வெளிச்சம்.
பன்னிரண்டு.
கருவிக்கு வெட்கமெல்லாம் கிடையாது,
அதே குரலில்தான் சொல்கிறது.

இன்னொரு விளக்கும் உண்டு என்னிடம்,
கண்ணுக்குத் தெரியாத ஒளி,
திரையில்தான் தெரியும்.
பல் பனிக்கட்டியாய்த் தெளிகிறது.
இரண்டு பற்கள் ஒட்டும் இடத்தில்
எள்ளளவு நிழல்.
இதை நான் தேடவே இல்லை.
மேலோட்டில்தான் நிற்கிறது, உள்ளே இறங்கவில்லை.
பூச்சு தடவி, பல்லிடை நூலும் கொடுத்து
ஆறு மாதம் கழித்து வரச் சொல்கிறேன்.

"அப்போ இன்றைக்கு ஒன்றுமே செய்யலையா?"
அரை நாள் கூலி போன முகம்.
என்ன சொல்வது?
செய்யாத வேலைக்கு
ரசீதுப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

படியிறங்குமுன் நின்று
சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி நீட்டுகிறார்,
கோபம் தீராமலேயே.
வாங்கிக் குடிக்கிறேன்.
கசப்பு என் பள்ளங்களிலும் இறங்குகிறது.

லாரி கிளம்பும்போது சன்னல் அதிர்கிறது.
குறிப்பேட்டில் எழுதுகிறேன்:
முப்பத்தொன்று, பன்னிரண்டு, துளைக்கவில்லை.

நாளை ஒரு பதிவுத்தபால் வாங்கவேண்டும்.
இரண்டு சாளரம் உண்டு அங்கே.
இந்த முறை
நெலிதாவின் வரிசையில் நிற்கவேண்டும்.