பகையில்லாத மூக்கு

ஷுவைக் துறைமுகத்துக் குளிர்கிடங்கில்
உள்ளே மைனஸ் பதினெட்டு,
வெளியே நாற்பத்தொன்பது.
நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை.
ஒரு ஷிப்டில் அறுபது எழுபது தடவை
அதைத் தாண்டுகிறேன்
பிரேசில் கோழியோடு,
நியூசிலாந்து ஆட்டோடு,
உறைந்த பட்டாணியோடு.
தாண்டியதும்
மூக்கு திறந்துகொள்ளும்.

சளி இல்லை, காய்ச்சல் இல்லை.
சுத்தமான தண்ணீர்,
வாஷர் தேய்ந்த குழாய் மாதிரி.

தூசி அலர்ஜி என்றார் மேஸ்திரி.
பேரீச்சம்பூ என்றான் மொஃபிசுல்.
கேம்ப் சமையல்காரர்
என் தட்டிலிருந்து இறாலை எடுத்துவிட்டார்,
மணப்பாட்டில் பிறந்தவன் தட்டிலிருந்து.

ஃபர்வானியாவில் சோதித்தார்கள்.
முன்கையில் பேனாவால் எண் போட்டு
இருபத்திரண்டு குத்து:
பூனை, கரப்பான், பூஞ்சை,
பேரீச்சை மகரந்தம், இறாலும்தான்.
கால் மணி நேரம் கையை நீட்டியபடி
பள்ளிச் சுவரில் ரிசல்ட் தேடுபவன்போல்
எண்களையே பார்த்திருந்தேன்.
ஒன்று மட்டும் தடித்தது.
"அது எல்லார்க்கும் தடிக்கும்,
மருந்து வேலை செய்யுதோன்னு பாக்கப் போடுறது"
என்றார் நர்ஸ் லிஸம்மா
கோட்டயம் தமிழில்.

எகிப்து டாக்டர் சொன்னதையும்
அவர்தான் பெயர்த்தார்:
உங்க ரத்தத்துக்கு யாரோடும் சண்டையில்லை.
நரம்பு ஒன்று
சூட்டுக்கும் குளிருக்கும் நடுவில் குழம்பி
குழாயைத் திறந்துவிடுகிறது.
வேலையை மாற்றிப் பாருங்கள்.

சொல்லிவிட்டு லிஸம்மா சிரித்தார்.
நானும்.
ஸ்பிரே மூன்றே கால் தினார்.

பகை என்று ஒன்று இருந்திருக்கலாம்.
பூனையென்றால் விரட்டலாம்.
இறாலென்றால்
சரி, அதையும் விட்டுத் தொலைக்கலாம்.
சண்டையில்லாத உடம்போடு
யாரிடம் போய் மல்லுக்கட்ட?

வீடியோ காலில் அமலி
"அழுதியளா?" என்பாள்.
"இல்லட்டி, மூக்கு."
"மூக்கா" என்பாள்.
கொஞ்ச நேரம் பேசமாட்டாள்.
கிடங்கில் எல்லோருக்கும் பழகிவிட்டது.
மொஃபிசுல் சட்டைப்பையில்
எனக்கென்றே டிஷ்யூ வைத்திருக்கிறான்.

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை
லீவு இல்லை என்றது ஆபீஸ்.
அமலிக்கு ஒன்பதாம் மாதம்.
திரைக்கு இந்தப் பக்கமே நின்றேன்,
காலையிலிருந்து ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

மொஃபிசுல் டிஷ்யூ நீட்டினான்.
"இன்னிக்கு ஸ்பிரே அடிக்கலையா பாய்?"
அடிக்கலை என்றேன்.
நூற்றுப்பத்துப் பெட்டி கோழி
பாக்கி இருந்தது.