மீட்டர் பெட்டிக்குக் கீழே

குருசுக்குப்பத்தில் செலஸ்தீன் அம்மாள் வீட்டு மீட்டர்
கடல் பார்த்த சுவரில் இருக்கிறது.
எண் எடுக்கக் குனிந்தால் தோளில் இலை உரசும்.
மூன்றாம் மாதம்தான் முகர்ந்து பார்த்தேன்:
எலுமிச்சையும் இல்லை, ரோஜாவும் இல்லை,
இரண்டும் சண்டை போட்டு ஓய்ந்த இடம்.

"ஜெரேனியம்" என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து.
"ஊட்டியில் புதர். இங்கே நோயாளி."
பில் எவ்வளவு என்றார். சொன்னேன்.
ஜன்னலைச் சாத்திக்கொண்டார்.

திருடின கிளைதான் பிழைக்கும் என்பார்கள்.
கணுவுக்குக் கீழே நகத்தால் கிள்ளி
மெஷின் உறைக்குள் போட்டுக்கொண்டேன்.
அன்று வைத்திக்குப்பம் வரைக்கும்
வாசனையாக பில் கொடுத்தேன்.
அப்போதும் திட்டினார்கள்.

பிழைக்கவில்லை.
காலையில் ஒரு சொம்பு, மாலையில் ஒரு சொம்பு,
எட்டாம் நாள் அடித்தண்டு கறுத்துவிட்டது
கரண்ட் அடித்த விரல் மாதிரி.

மறுமாதம் மறுபடி கிள்ளினேன்.
இந்த முறை ஸ்டெபிலைசர் மேல் ஒரு நாள் கிடந்து
வெட்டுவாய் காய்ந்தது.
பாதி மணல், கொஞ்சம் செங்கல் பொடி,
மண்சட்டி.
விரலை இரண்டாம் கணு வரை விட்டு
ஈரம் தட்டினால் சொம்பைத் திரும்ப வைத்துவிட வேண்டும்.
அதுதான் கஷ்டம்.
சும்மா இருக்க யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

ஐப்பசியில் வானம் கறுத்தால் மாடிக்கு ஓடுவேன்,
சட்டியைத் தூக்கிவந்து சிலிண்டர் பக்கத்தில் வைப்பேன்.
"என் தங்கச்சி நனைஞ்சு வந்தப்ப
நீ இப்படி ஓடலையே" என்றார் இவர்.
உண்மைதான்.

மார்கழி மூன்றாம் வாரம் முதல் பூ.
ஐந்து இதழ், வெளிர் ரோஸ்.
மேலே இரண்டில் மட்டும் கோடுகள்,
எழுதுமா என்று பேனாவைக்
கிறுக்கிப் பார்த்த மாதிரி.

தை மாத ரீடிங்.
செலஸ்தீன் அம்மாள் தொட்டியில் பாசி பிடித்த மண்,
நடுவில் ஒரு கறுத்த குச்சி.
புயல் மழை நாளெல்லாம் அங்கேயே நின்றிருக்கிறது.
போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும்
நான்கே யூனிட்.
அழைப்புமணியில் விரல் வைத்து, எடுத்துவிட்டேன்.

மாசியில் வேர் பிடித்த கிளை ஒன்றைக் கொண்டுபோய்
மீட்டர் பெட்டிக்குக் கீழே வைத்தேன்.
பில்லின் பின்புறம் எழுதினேன்:
விரல் விட்டுப் பார்த்து.
வெயிலில் மதியம் வேண்டாம்.
என் பெயரை எழுதவில்லை.

பங்குனி.
அறுபத்தோரு யூனிட்.
ஜன்னல் சாத்தியிருந்தது.
சட்டி நிழல் பக்கம் நகர்ந்திருந்தது.
செடியின் நுனியில் ஒரு கிளை இல்லை.
கணுவுக்குக் கீழே,
நகத்தால்.

யாரென்று கேட்கவில்லை.
எண்ணைக் குறித்துக்கொண்டு
அடுத்த வீட்டுக்குப் போனேன்.