சரியான எண்ணை உள்ளிடவும்

திருமங்கலம் பேருந்து நிலையத்துக்கு எதிரே
ஜெய்லானி அக்காவின் கணினிக் கடை.
ஞாயிறு மதியம்.
சேம்பரில் வாரக் கணக்குப் பார்க்கும் நாள்,
எங்களுக்கு அரைநாள் ஓய்வு.
தேய்த்துத் தேய்த்துக் கழுவியும்
நகக்கண்ணில் செம்மண் இருந்தது.

கல்வி உதவித்தொகை, புதிய விண்ணப்பம்.
பெயரிலேயே முதல் தகராறு.
ஆதாரில் முப்பிடாதிக்கு இங்கிலீஷில் ஒரு 'பி',
மதிப்பெண் பட்டியலில் இரண்டு.
"இதுல நீ எந்தப் பிள்ளைம்மா?"
எங்க ஊர்ச் சாமி பேரு அக்கா,
அவளை யாரும் இதுவரை ஸ்பெல்லிங் கேட்டதில்லை என்றேன்.

நிரந்தர முகவரி:
சங்கரன்கோவில் பக்கம், பூட்டிக் கிடக்கிற வீடு.
தற்போதைய முகவரி:
புகைக்கூண்டுக்கு மேற்கே நாலாவது குடிசை.
கதவு எண் கேட்டது.
கதவைக் கேட்டிருந்தாலே
யோசித்துத்தான் சொல்லியிருப்பேன்.

வேலை பார்க்கும் இடத்துச் சான்றுக்காக
முதலாளியிடம் மூன்று வாரம் நின்றேன்.
கடைசியில் பில் புத்தகத்தில்
எழுதிக் கிழித்துக் கொடுத்தார்.
விவரம்: முப்பிடாதி, த/பெ சுடலைமுத்து.
எண்ணிக்கை: 1.
விலைக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு.
அக்கா அதை ஸ்கேனரில் வைக்காமல்
கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

ஆண்டு வருமானம்.

போன சீசனில் அப்பாவும் நானும் அறுத்த கல்லுக்கு
நாற்பத்திரண்டாயிரம்.
அம்மாவின் ஆபரேஷனுக்கு வாங்கிய முன்பணம்
அறுபதாயிரம்.
"அப்ப எவ்வளவுன்னு போடட்டும்?"
மைனஸ் பதினெட்டாயிரம் என்றேன்.
நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்படியே அடித்தார்.
சிவப்பில் வந்தது:
சரியான எண்ணை உள்ளிடவும்.

ப்ளஸ் டூ கணக்கில் எனக்குத் தொண்ணூற்றேழு.
பூஜ்யத்துக்கு இடப்பக்கமும் எண்கள் உண்டு,
வலப்பக்கம் மாதிரியே முடிவில்லாமல்.
நாங்கள் அந்தப் பக்கத்துக்காரர்கள்.
இது சரியான எண்தான் அக்கா.
உங்கள் பெட்டிக்குத்தான் பாதிக் கோடு தெரியவில்லை.

பின்னால் நின்றவர்
வாரிசுச் சான்றிதழ் என்ன ஆச்சு என்றார்
மூன்றாவது முறையாக.
பூஜ்யம் போட்டுப் பார்த்தார். வாங்கவில்லை.
ஒன்று போட்டார்.
வாங்கிக்கொண்டது.
உட்கார்ந்த இடத்தில்
பதினெட்டாயிரத்து ஒரு ரூபாய் சம்பாதித்துவிட்டோம்.
"பின்னாடி ஏதாச்சும் கேட்டா
நான்தான் போட்டேன்னு சொல்லிரு," என்றார் அக்கா,
திரையைவிட்டுக் கண் எடுக்காமல்.

அச்செடுத்த தாளுக்கு அறுபது ரூபாய்.
அதாவது எழுபத்தைந்து கல்.
பி.எஸ்சி. கணிதத்துக்கான கட்டணத்தை
இன்னும் கல்லில் சொல்லவில்லை அப்பாவிடம்.
சொன்னால் உட்கார்ந்துவிடுவார்,
உட்கார்ந்தால் அன்றைக்குப் பாதிக் கூலி.

கப்பலூர் டோல்கேட் வருவதற்குள்
விண்ணப்ப எண்ணின் பதினோரு இலக்கங்களையும்
கூட்டிப் பார்த்தேன்.
மூன்றால் வகுபடுகிறது.
ஒன்பதால் இல்லை.
ஏழுக்குச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது,
கொஞ்சம் நீளமானது.
பாதியில் புகைக்கூண்டு தெரிந்தது, இறங்கிவிட்டேன்.
மீதியை ராத்திரி
மண் மிதிக்கும்போது பார்க்க வேண்டும்.