நூறாக வெட்டிய நிமிடம்

டண்டினோங். எண்பத்தைந்து, ஜூலை, காலை ஏழு.
ஃபிரிட்ஜ் கதவுகள் வரிசையாக வருகின்றன,
உள்ளே இன்னும் குளிர் ஏறாமல்.
எங்களிடம் போதுமான அளவு இருக்கிறது.

என் கையில் கம்பெனி தந்த மணிக்கூடு.
அதில் அறுபது இல்லை.
கூட்டவும் கழிக்கவும் லேசாக
நிமிடத்தை நூறாக வெட்டியிருக்கிறார்கள்.
அறைச் சுவரில் தொங்குவது ஒரு நேரம்,
இங்கே நடப்பது இன்னொன்று.
பேருந்தில் வரும்போதுதான்
ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்கிறேன்.

வெஸ்னா ரப்பர்ப் பட்டியை எடுக்கிறாள்.
தேடு. கண்டெடு. பற்று. கொண்டுபோ. பொருத்து. விடு.
வினையை இவ்வளவு பொடியாக நறுக்கினால்
எழுவாய் தேவைப்படாது.

மண்வாரியிலிருந்து தொடங்கியது என்றது பாடப்புத்தகம்.
பென்சில்வேனியாவில் ஓர் இரும்பாலை முற்றம்;
ஒரு வீச்சுக்கு இருபத்தொரு ராத்தல் அள்ளினால்
பொழுது சாயும்போது குவியல் பெரிதாக இருக்கும்.
கூடினால் முதுகு நோகும், குறைந்தால் முதலாளிக்கு நோகும்.
தகுந்த ஆளைத் தேர்ந்தெடு,
தகுந்த விதத்தைச் சொல்லிக்கொடு,
நினைப்பதை ஓர் அறையில் வை, செய்வதை முற்றத்தில் விடு.
பேராதனையில் இதை விடிய விடியப் பாடமாக்கி
எழுபத்தெட்டுப் புள்ளி வாங்கினேன்.
அள்ளியவனின் பெயர் கேள்வித்தாளில் வரவில்லை.

வெஸ்னா மெதுவாகச் செய்கிறாள்.
எனக்குத் தெரியும்.
எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.
போன வருடம் கை பறக்க வேலை செய்தவர்களுக்குப் பரிசாக
நாற்பது கதவு ஐம்பத்திரண்டு ஆனது, கூலி அசையவில்லை.
அதற்குப் பிறகு நான் அட்டையோடு வரும்போதெல்லாம்
ட்ராகிட்சா இருமுகிறாள்,
வரிசை முழுக்க இருமல் ஓடி
கைகள் எல்லாம் தண்ணீருக்குள் அசைவதுபோல ஆகின்றன.

எண்பதில் நடிக்கிறாள். நான் எண்பது என்றே எழுதலாம்.
நூறு என்றும் எழுதலாம்.
அந்த இருபதுக்குள்தான்
அவளுடைய வலது முழங்கை இருக்கிறது.

பன்னிரண்டாவது கதவு போனதும் கையுறையைக் கழற்றி
சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை எடுத்து
தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள்.
முள் ஓடிக்கொண்டிருக்கிறது.
படிவத்தில் சொந்தத் தேவைக்கு ஐந்து வீதம்,
களைப்புக்கு நாலு.
இதை எதில் போட?

எழுத்துக்கே மாத்திரை அளந்த மொழிக்காரன் நான்.
குறிலுக்கு ஒன்று. நெடிலுக்கு இரண்டு.
மெய்க்கு அரை.
மெய்க்கு அரைதான்.

மூன்று மணிக்கு சிட்னியிலிருந்து திரு. ஹாலோரன் வந்தார்,
எனக்குப் பின்னால் நாற்காலி இழுத்துப் போட்டார்.
நேரம் எடுக்கிறவனுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று
தலைமையகத்துக்குத் தெரிய வேண்டுமாம்.
மடியில் அட்டை. அதே மணிக்கூடு, புதுசு,
பித்தளை இன்னும் கைபட்டு மங்கவில்லை.
க்ளிக்.

வெஸ்னா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு என்னை.
சிரிக்கவில்லை.
தொண்டையைச் செருமி, ஒரு தடவை இருமினாள்.

மதிப்பீட்டுக் கட்டம் இன்னும் வெறுமையாக இருந்தது.
பென்சிலை எடுத்தேன். கூராகத்தான் இருந்தது.
ஆனாலும் சீவினேன்,
மெல்ல,
சுருள் அறுந்துவிடாமல்.